சாமை ஹல்லருக்கு க்ரவுட்ஃபண்டிங் போலாமா? காங்கேயத்து தம்பிக்கு பதில்

கேள்வி:

வணக்கங்க சார். எனக்கு 31 வயசு, காங்கேயம் பக்கம் ஊர். கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில டிசைன்ல ஏழு வருசம் இருந்துட்டு போன வருசம் வேலைய விட்டுட்டேன். சாமை, தினை, குதிரைவாலி இதெல்லாம் ஊட்டுலயே உமி நீக்கிக்கற மாதிரி ஒரு சின்ன ஹல்லர் செஞ்சிருக்கேன், சிங்கிள் ஃபேஸ்லயே ஓடும், மணிக்கு அஞ்சாறு கிலோ, எடை 14 கிலோ. மூணு மெஷின் செஞ்சு ஓடிட்டு இருக்கு. இனி பாகங்க செய்யற அச்சு, அதாவது டை, பேட்டர்னுக்கு 6 லட்சம், மொத 150 மெஷினுக்கு ஒண்ணுக்கு 8,000 வீதம் 12 லட்சம், ஆக மொத்தம் 18 லட்சம் வேணும். பெங்களூர் நண்பன் கிக்ஸ்டார்ட்டர்னு ஆன்லைன்ல பல பேர்கிட்ட முன்னாடியே காசு திரட்டற க்ரவுட்ஃபண்டிங் சைட்ல போடு, 12,000 ரூபாய்க்கு 150 பேர் புக் பண்ணா 18 லட்சம் கரெக்டா வந்துரும்ங்கறான். இன்னொருத்தர் 180 பேர்கிட்ட ஆளுக்கு 10,000 வாங்கி ஷேர் குடுத்துரலாம், 200 பேருக்குள்ள இருந்தா சட்டப்படி தப்பில்ல, நம்ம வாட்ஸ்அப் குரூப்லயே ஆள் தேறும்ங்கறார். சம்சாரம் நகைய வெச்சுக்கலாம்ங்கறாங்க. க்ரவுட்ஃபண்டிங்குக்கு மெனக்கெடறது பிரயோஜனப்படுமுங்களா?

பதில்:

தம்பி, மூணு மெஷின் செஞ்சு ஓட்டிப் பாத்துட்டு அப்பறம் காசு தேடறீங்க பாருங்க, அந்த வரிசை எனக்கு நெம்ப சந்தோசம். என்கிட்ட வர்ற பாதிப் பேர் ஸ்லைடு மட்டும் போட்டு எடுத்துட்டு வருவாங்க, மெஷின் எங்கீங்கன்னு கேட்டா ஃபண்டு வந்தா செய்வோம்பாங்க. அதனால உங்களுக்கு நேராவே சொல்லிடறேன். இந்த மெஷினுக்கு, இந்த விலைக்கு, இப்போதைக்கு க்ரவுட்ஃபண்டிங் வேண்டாங்க. வாட்ஸ்அப்ல ஷேர் விக்கற யோசனை எப்பவுமே வேண்டாம். ஆனா க்ரவுட்ஃபண்டிங்ல உருப்படியான விஷயம் ஒண்ணு இருக்கு, பொருள் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் காசு கட்டறாரான்னு பாக்கறது, அத மட்டும் எடுத்துட்டு நீங்களே சின்னதா உங்க ஊர்ல இருந்தே பண்ணலாம், எப்படின்னு கீழ சொல்றேன்.

மொதல்ல உங்க நண்பர் மனசுல இருக்கற ஒரு நெனப்ப மாத்தணும். சைட்ல போட்டா உலகமே பாக்கும், பாத்தா வாங்கும்னு நெனைக்கறார். அப்படி நடக்கறதில்லீங்க. அந்த சைட் காசு வசூல் பண்ற எடம், கூட்டத்த நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். கேம்பெயின் நடத்தினவங்க எல்லாருமே சொல்றது, மொத நாலஞ்சு நாள்லயே இலக்குல மூணுல ஒரு பங்கு வந்துடணும், அந்தக் காசு கண்டிப்பா உங்களத் தெரிஞ்சவங்க, உங்க மெயில் லிஸ்ட்ல இருக்கறவங்க, ஏற்கனவே உங்க வீடியோ பாத்துட்டு எப்ப வரும்னு கேட்டுட்டு இருந்தவங்ககிட்ட இருந்துதான் வரும், அது வந்தாத்தான் முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு நம்பிக்கை வந்து அவங்களும் போடுவாங்க. உங்க கணக்குல மூணுல ஒண்ணுன்னா 50 மெஷின். இன்னைக்கு நீங்க ஃபோன் எடுத்தா 12,000 கட்டறேன்னு சொல்ல 50 பேர் இருக்காங்களா? இருந்தா அவங்ககிட்ட நேராவே வாங்கிக்கலாமே, நடுவுல ஒரு சைட்டுக்கு எதுக்கு கமிஷன்? இல்லைன்னா சைட்டுல போட்டாலும் வராது. கிக்ஸ்டார்ட்டர் 2009ல இருந்து நடக்குது, அவங்களே வெளியிடற கணக்குப்படியே பாதிக்கு மேல ப்ராஜெக்ட் இலக்கைத் தொடறதில்ல, தொடலைன்னா ஒத்த ரூபா கைக்கு வராது, அவங்க சட்டம் அப்படி.

அதுவும் போக, கிக்ஸ்டார்ட்டர்ல இந்தியால இருக்கற ஆள் நேரடியா ப்ராஜெக்ட் போடவே முடியாதுங்க, அவங்க அனுமதிக்கற நாட்டு லிஸ்ட்ல நம்ம நாடு இல்ல. சிங்கப்பூர்லயோ அமெரிக்காவுலயோ சொந்தக்காரர் பேர்ல கம்பெனி போட்டு அது வழியா வரலாம்னு உங்க நண்பர் அடுத்து சொல்லுவார். அந்த நாட்டு வரி, இந்தப் பக்கம் ஃபெமாங்கற அந்நியச் செலாவணி சட்டம், எக்ஸ்போர்ட் பேப்பர், ரெண்டு ஊர்லயும் ஆடிட்டர் ஃபீஸ்னு ஆகும். அமெரிக்கால 120 வோல்ட், நம்ம 230 வோல்ட் மோட்டார் அங்க ஓடாது, மாத்தணும். ஐரோப்பாவுக்கு சிஇ மார்க்ங்கற பாதுகாப்பு முத்திரை வேணும். 14 கிலோ எரும்ப ஏர்ல அனுப்புனா கூரியர் காசு மெஷின் காசுக்குப் பக்கத்துல வந்து நிக்கும். 150 மெஷின் விக்கறதுக்கு இவ்வளவு சோலி வேண்டாம்.

இந்திய சைட்டுங்களப் பாத்தா, மிலாப் 2010ல, கெட்டோ 2012ல ஆரம்பிச்சது, ரெண்டுலயும் இப்ப பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான் திரட்டறாங்க. விஷ்பெரி மாதிரி சைட்டுங்க படம், பாட்டு, புஸ்தகம்னு கலைப் பக்கம் போனதுங்க. மெஷின் வாங்கலாம்னு யாரும் அங்க போய் தேடறதில்ல.

இனி கணக்குக்கு வர்றேன், இதுதான் எனக்கு வெசனமா இருந்துச்சு. 150 தடவ 12,000, 18 லட்சம், தேவையும் 18 லட்சம், சரியாப் போச்சுன்னு எழுதிருக்கீங்க. கஸ்டமர் கட்டற 12,000ம் உங்க கைக்கு வராதுங்க தம்பி. ஜிஎஸ்டி உங்க பொருளோட வகைய சொல்ற ஹெச்எஸ்என் கோடு எதுல விழுதோ அதப் பொறுத்தது, கணக்குக்கு 18 சதவீதம்னு வெச்சுக்கலாம், அதுலயே 1,830 ரூபா போச்சு. சைட் ஃபீஸ், பேமெண்ட் கேட்வே எல்லாம் சேத்து 8 சதவீதம்னா 960. தெர்மாகோல் வெச்சு டபுள் பாக்ஸ் போட்டு லாரி பார்சல்லயோ கூரியர்லயோ அனுப்ப, வழியில ஒடஞ்சு திரும்பி வர்றதையும் சேத்து சராசரி 900. வீடியோ, ஃபோட்டோ, ஃபேஸ்புக் விளம்பரம்னு ஒன்றரை லட்சம் ஆகும், அத 150ஆல வகுத்தா ஒரு மெஷினுக்கு 1,000. வாரண்டில ரப்பர் ரிங்கு, பேரிங் மாத்திக் குடுக்க 500 எடுத்து வெக்காம இருக்க முடியாது. எல்லாம் கூட்டுனா 5,190 ரூபா. மிச்சம் 6,810. மெஷின் அடக்கம் 8,000, அதுல வாங்கின சாமான் மேல கட்டுன இன்புட் டேக்ஸ் ஒரு 800 திரும்ப கிடைக்கும்னு கழிச்சா 7,200. அப்பவும் மெஷினுக்கு 390 ரூபா கையில இருந்து போகுது, டை காசு 6 லட்சத்துல ஒத்த ரூபா கூட எறங்கல. 150 பேரும் புக் பண்ணி கேம்பெயின் ஜெயிச்சு பேப்பர்ல உங்க ஃபோட்டோ வந்தாலும் நீங்க கடன்லதான் நிப்பீங்க. டை காசும் வெளிய வரணும்னா இதே செலவுக்கு 18,000 கிட்ட விலை வெக்கணும், நீங்களே போட்டுப் பாருங்க.

இது ஏதோ உங்களுக்கு மட்டும் வர்ற தடுமாற்றம்னு நெனைக்காதீங்க. அமெரிக்கால 2014ல கூலஸ்ட் கூலர்னு ஒரு ஐஸ் பெட்டி, மிக்சி, ஸ்பீக்கர் எல்லாம் வெச்சது, கிக்ஸ்டார்ட்டர்ல 62,000 பேருக்கு மேல சேந்து 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல போட்டாங்க, அந்த சமயத்துல அதுதான் ரெக்கார்டு. ஆனா புக்கிங் விலைய விட செய்யற செலவு எச்சா ஆயிருச்சு, பாதில காசு தீந்து, சீக்கிரம் வேணும்னா இன்னும் 97 டாலர் கட்டுங்கன்னு ஏற்கனவே கட்டுனவங்ககிட்டயே கேக்கற நெலமை. 2019 டிசம்பர்ல கம்பெனிய மூடறப்ப ஏறக்குறைய 20,000 பேருக்கு பொருளே போய்ச் சேரல. அவங்களுக்கு கூட்டமும் கிடைச்சுது, காசும் வந்துச்சு, விலைதான் தப்பு. ஒருத்தருக்கு அனுப்பறதுல நஷ்டம்னா 62,000 பேருக்கு அனுப்பறப்ப அத்தனை மடங்கு நஷ்டம். லேட் ஆறது அதவிட சகஜம், பென்சில்வேனியா யுனிவர்சிட்டில ஈதன் மாலிக்னு ஒரு ப்ரொஃபசர் 2014ல வெளியிட்ட ஆய்வுல டிசைன், டெக்னாலஜி ப்ராஜெக்ட்டுகள்ல முக்காவாசிக்கு மேல சொன்ன தேதிக்குக் குடுக்கலைன்னு வந்துச்சு.

சரி, யார் வாங்குவாங்கன்னு யோசிக்கலாம். உங்க லெட்டர்ல "ஊட்டுலயே" ன்னு எழுதிருக்கீங்க. ஒரு குடும்பம் வாரத்துக்கு சாமை அரிசி எவ்வளவு பொங்கும்? ஒரு கிலோ, மிஞ்சிப் போனா ரெண்டு. அந்த ரெண்டு கிலோவ உமி நீக்குன அரிசியாவே கடைல வாங்கிட்டுப் போயிருவாங்க, அதுக்காக உமியோட இருக்கற தானியத்த எங்க போய் வாங்கறதுன்னே டவுன்ல நெறையப் பேருக்குத் தெரியாது. ராகி, கம்பு, சோளம் அதிகமா சாப்பிடற ஊடுகளுக்கு ஹல்லரே வேண்டாம், அதுக்கு மேல அந்த மாதிரி உமி கிடையாது. அதனால டவுன் குடும்பம் 18,000 குடுத்து வாங்கும்னு என்னால நம்ப முடியல.

ஆனா வேற எடத்துல இதுக்கு உண்மையான பசி இருக்குதுங்க. கொல்லிமலைல சாமை வெளையுது, அங்க பொம்பளைங்க ஒரல்ல போட்டு இடிச்சு உமி நீக்கின காலம் போய் குழுக்களுக்கு மெஷின் வந்திருக்கு, ஆனா எல்லா ஊருக்கும் கிடையாது, மூட்டைய தலைல வெச்சு எறங்கி வேற ஊர் மில்லுக்கு கொண்டு போற குடும்பம் இன்னும் இருக்கு. மகளிர் குழு, உழவர் உற்பத்தியாளர் கம்பெனி, ஆர்கானிக் கடை வெச்சு சொந்தமா பேக் பண்றவங்க, இவங்கதான் உங்க ஆளுங்க. இவங்க மணிக்கு அஞ்சு கிலோ பத்தாது, 20 கிலோ வேணும்னு சொல்லலாம், அத நீங்க டை போடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கறது எவ்வளவு முக்கியம்னு உங்களுக்கே புரியும், டை போட்டப்பறம் தெரிஞ்சா 6 லட்சம் எரும்புக் கடைக்குத்தான்.

இவங்க யாரும் வீடியோ பாத்து கார்டுல காசு கட்ட மாட்டாங்க. அவங்க ஊட்டு சாமையவே ஒரு படி கொண்டாந்து ஊத்துவாங்க, வெளிய வர்ற அரிசிய உள்ளங்கைல அள்ளி ஊதிப் பாப்பாங்க, எத்தனை நொய், எத்தனை உரியாத மணி நிக்குதுன்னு வெரல்ல ஒதுக்கி ஒதுக்கிப் பாப்பாங்க, உமி தனியா காத்துல பறக்குதா இல்ல அரிசியோட கலந்து விழுதான்னு பாப்பாங்க, அப்பறம் வரகு ஓடுமான்னு கேப்பாங்க. வரகுல தோல் அடுக்கடுக்கா இருக்கும், ஒரே ஓட்டத்துல போகாதுன்னு உங்களுக்குத் தெரியும், அவங்களுக்கு உங்கள விட நல்லாத் தெரியும். தானியம் கொஞ்சம் ஈரமா இருந்தா ஒரு மாதிரி உரியும், நல்லா காஞ்சிருந்தா ஒரு மாதிரி ஒடையும், அந்த வித்தியாசத்துக்கு உள்ள சுத்தற இம்பெல்லர் வேகத்த மாத்த முடியுமான்னு அங்க நின்னு பாக்கணும். இந்த வேலைக்கு க்ரவுட்ஃபண்டிங் பேஜ் உதவாது, மெஷின டாட்டா ஏஸ்ல ஏத்திட்டு நீங்க போகணும்.

அப்ப க்ரவுட்ஃபண்டிங் யாருக்குமே ஆகாதான்னா அப்படியும் இல்லீங்க, நியாயமா சொல்லணும். பாத்த பத்து செகண்டுல புரியற பொருள், எடை கம்மி, வாங்கறவங்க ஒரே ஊர்ல இல்லாம உலகம் பூரா செதறிக் கெடக்கறாங்க, கடைக்காரர் ஸ்டாக் எடுக்க பயப்படற புது டிசைன், இப்படி இருந்தா நல்லா எடுக்கும். போர்டு கேம், படக்கதைப் புஸ்தகம், டாக்குமெண்டரி இதுக்கெல்லாம் அது சரியான வழி. நம்ம பக்கத்துல யோசிச்சா பவானி ஜமுக்காளத்துல, சென்னிமலை பெட்ஷீட்ல ஒரு புது டிசைன் ஓட்டிட்டு வெளிநாட்டுத் தமிழர்ககிட்ட முன்பதிவு வாங்கறவருக்கு நான் தாராளமா போங்கன்னு சொல்லுவேன், தறி ஓட்டறதுக்கு முன்னாடி எத்தனை பீஸ் எந்தக் கலர்னு தெரிஞ்சுரும்ல.

பல்லடம் பக்கம் என் கிளையண்ட் ரெண்டு பேர், கொழந்தைய மாரோட சேத்துக் கட்டிக்கற துணி செஞ்சாங்க, ஒரு இந்திய சைட்ல போட்டு இலக்கையும் தொட்டாங்க. அதுக்கு முன்னாடியே ஒரு வருசம் அம்மாமார் குரூப்புகள்ல இருந்து பேசிப் பழகி, சாம்பிள் குடுத்து, பேர் வாங்கி வெச்சிருந்தாங்க, கேம்பெயின் ஆரம்பிச்ச அன்னைக்கே காசு விழ ஆரம்பிச்சதுக்கு அதுதான் காரணம். அதுக்கப்பறம் நாலு மாசம் அந்தப் பொண்ணு வேற வேலையே பாக்கல, பின்கோடு தப்பு, சைஸ் மாத்திக் குடுங்க, என்னோடது எங்க, கலர் ஃபோட்டோல வேற மாதிரி இருந்துச்சேன்னு பதில் எழுதியே தீந்தாங்க. லாபம்னு பாத்தா கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல, ஆனா அந்த புக்கிங் லிஸ்டக் காட்டி ஒரு ஹோல்சேல் வாங்கறவர் கிடைச்சார், அதுல இருந்துதான் தொழில் நிமிந்துச்சு. எடை 400 கிராம், எல்லா அம்மாவுக்கும் பாத்த உடனே புரியும், அதனால அவங்களுக்கு மெனக்கெட்டது வீண் போகல.

அடுத்தது வாட்ஸ்அப் ஷேர். இதுக்கு நான் கொஞ்சம் கடுமையாவே எழுதறேன், கோவிச்சுக்காதீங்க. பொதுஜனத்துகிட்ட பங்கு திரட்டறது நமக்குப் புதுசில்ல, வ.உ.சி. 1906ல சுதேசி கப்பல் கம்பெனிக்கு 25 ரூபா பங்கு 40,000 போட்டு 10 லட்சம் மூலதனம் திரட்டக் கெளம்பினவர், அப்பறம் நம்ம கோயமுத்தூர் ஜெயில்ல செக்கிழுத்தார். அந்த மாதிரி ஊரறிய பங்கு விக்கணும்னா இன்னைக்கு அதுக்கு ப்ராஸ்பெக்டஸ்ங்கற விவர அறிக்கை, பங்குச் சந்தைய கண்காணிக்கற செபி எல்லாம் உண்டு. நீங்க போடப் போறது ப்ரைவேட் லிமிடெட். அதுக்கு இருக்கற வழி 2013 கம்பெனி சட்டம் 42வது பிரிவு, ப்ரைவேட் ப்ளேஸ்மெண்ட், அதாவது தேர்ந்தெடுத்த சில பேருக்கு மட்டும் ஷேர் குடுக்கறது. ஷேர் யோசனை சொன்ன அந்த இன்னொருத்தர் சொல்ற 200 பேர் வரம்பு அதுலதான் வருது, அவர் அந்த ஒரு வரிய மட்டும் படிச்சிருக்கார். அதே பிரிவுல, யார் யாருக்கு ஷேர் குடுக்கப் போறோம்னு பேர் பேரா முன்னாடியே போர்டு முடிவு பண்ணிருக்கணும், ஒவ்வொருத்தர் பேருக்கும் பிஏஎஸ்-4 ஆஃபர் லெட்டர் போகணும், ரொக்கம் வாங்கக் கூடாது பேங்க் வழியாத்தான் வரணும், தனி அக்கவுண்ட்ல இருக்கணும், 60 நாளைக்குள்ள ஷேர் ஒதுக்கணும், எல்லாத்துக்கும் மேல எந்த விளம்பரமும், மீடியாவும், ஏஜெண்டும் வெச்சு பொதுவா சொல்லக் கூடாதுன்னு இருக்கு. வாட்ஸ்அப் குரூப்ல "ஷேர் வேணுங்கறவங்க கை தூக்குங்க"ன்னு போட்ட அந்த ஒத்த மெசேஜ்லயே மாட்டிக்குவீங்க. மீறுனா திரட்டுன தொகை, இல்ல 2 கோடி, இதுல எது கம்மியோ அது வரைக்கும் அபராதம், வாங்குன காச 12 சதவீத வட்டியோட திருப்பியும் குடுக்கணும்.

ஈக்விட்டி க்ரவுட்ஃபண்டிங்குக்கு செபி 2014 ஜூன்ல ஒரு ஆலோசனை அறிக்கை போட்டாங்க, அதுக்கப்பறம் விதிமுறையா அது வரல, 2016ல அனுமதி இல்லாத ஆன்லைன் தளங்கள்ல பணம் போடாதீங்கன்னு முதலீட்டாளர்களுக்கு எச்சரிக்கை விட்டாங்க. அதனால யாராவது ஆப் காட்டி இதுல ஷேர் வித்துக்கலாம்னா நம்பாதீங்க.

சட்டத்த விடுங்க, ஊர்ல யோசிச்சுப் பாருங்க. ஈமு கோழி வளத்தா மாசாமாசம் காசுன்னு சொல்லி முதலீடு வாங்கி ஏமாத்துன பெருந்துறை விவகாரம் 2012ல வெடிச்சப்ப நம்ம பக்கத்துல எத்தனை ஊட்டுல அழுகை கேட்டுச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நீங்க அப்ப காலேஜ் பையனா இருந்திருப்பீங்க. அது மோசடி, உங்களோடது நேர்மையான தொழில், ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லல. ஆனா காசு போட்ட ஆளுக்கு அந்த பயம் இன்னும் உள்ள இருக்கு. ஒரு பேட்ச் லேட் ஆனா போதும், சீருக்குப் போனாலும் கோயில் பொங்கலுக்குப் போனாலும் 180 பேர்ல ரெண்டு பேராவது ஓரமாக் கூப்பிட்டு தம்பி என் பத்தாயிரம் என்னாச்சும்பாங்க. உங்க அப்பா தலை நிமிந்து பந்தில உக்கார முடியாது. நாளைக்கு பெரிய முதலீட்டாளர் யாராவது வந்தாலும், 180 பேர் கையெழுத்து வாங்கற கம்பெனியாங்கன்னு திரும்பிப் போயிருவாங்க. அப்பாவோ அண்ணனோ குடுக்கணும்னு நெனச்சா அத கடனா வாங்குங்க, நீங்க டைரக்டரா இருக்கற ப்ரைவேட் லிமிடெட்ல டைரக்டரோட நெருங்குன சொந்தம் தன்னோட சொந்தக் காசுல இருந்து குடுக்கறேன், கடன் வாங்கிக் குடுக்கலைன்னு எழுதிக் குடுத்தா அது சட்டம் தடுக்கற டெபாசிட் கணக்குல வராது.

இப்ப என்ன பண்றதுன்னு வருவோம். எனக்கு உங்க லெட்டர்ல தோணுன மொத கேள்வியே, எதுக்கு இப்பவே 18 லட்சம்? 150 மெஷினும் டையும் ஒரே மூச்சுல வேணும்னு யார் சொன்னது? பம்ப் கம்பெனில இருந்ததால எல்லாம் டைலயே யோசிக்கறீங்க. மொத 30 மெஷினுக்கு பாடிய ஷீட் மெட்டல்ல லேசர் கட்டிங், பெண்டிங் போட்டு எடுங்க, காஸ்டிங் வேணுங்கற பாகத்துக்கு மரப் பேட்டர்ன் போதும், இம்பெல்லர சிஎன்சில கடைஞ்சுக்கலாம், கோயமுத்தூர் கணபதிலயும் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டைலயும் இதுக்கு ஜாப் வொர்க் பண்ற பட்டறைங்க எத்தனைன்னு உங்களுக்குத் தெரியும். அடக்கம் 8,000க்கு பதிலா 10,500 ஆகட்டும். 30 மெஷினுக்கு 3,15,000, பேட்டர்னுக்கு ஒரு 45,000, ஆக 3,60,000ல முடியுது. காங்கேயத்துல ரைஸ் மில்லுக்கு சாமான் செஞ்சு குடுக்கற வயசான மேஸ்திரிங்க இருப்பாங்க, ரப்பர் ரிங்கு கெட்டித்தனம் பத்தி அவங்ககிட்ட ஒரு மத்தியானம் உக்காந்து பேசுங்க, அவங்க கை அனுபவம் உங்களுக்கு பல ட்ரையல மிச்சம் பண்ணும்.

அந்த 30 மெஷினுக்கு முன்பதிவு வாங்குங்க, சொன்னேன்ல, க்ரவுட்ஃபண்டிங்ல இருந்து எடுத்துக்க வேண்டியது இதத்தான். டெமோ காட்டி, விலை இப்போதைக்கு 16,500னு தெளிவா சொல்லி, 3,000 அட்வான்ஸ் வாங்கி ரசீது குடுங்க. வாயால நல்லாருக்கு தம்பின்னு சொல்றவங்க நெறைய, 3,000 எடுத்து வெக்கறவங்க சொல்றதுதான் கணக்கு. சட்டத்துல ஒண்ணு கவனிங்க, பொருள் தர்றேன்னு கம்பெனி வாங்கற அட்வான்ஸ 365 நாளைக்குள்ள பில்லுல கழிச்சுரணும், இல்லைன்னா அது டெபாசிட் ஆயிரும், ப்ரைவேட் லிமிடெட் பொதுமக்ககிட்ட டெபாசிட் வாங்கவே கூடாது. அதனால ரசீதுலயே டெலிவரி தேதி போடுங்க, அந்தத் தேதிக்குக் குடுக்க முடியலைன்னா கேக்காமயே திருப்பிக் குடுத்துருங்க. ஜிஎஸ்டிய பொறுத்தவரைக்கும் சாமானுக்கு வாங்கற அட்வான்ஸ் மேல 2017 நவம்பர்ல இருந்தே வரி கட்ட வேண்டியதில்ல, இன்வாய்ஸ் போடறப்ப கட்டுனா போதும், சின்ன வியாபாரிங்களுக்கான காம்போசிஷன் முறைல இருந்தா மட்டும் வேற கணக்கு, எனக்கு எழுதுங்க.

டெமோவுக்கு எங்க போறதுன்னா, கொல்லிமலைக்குப் போங்க, நம்ம வேளாண் பல்கலைக்கழகத்துல சிறுதானியம் பாக்கறவங்ககிட்ட ஓட்டிக் காட்டி கருத்து வாங்குங்க. கோயமுத்தூர் கொடிசியா அரங்கத்துல வருசா வருசம் ஜூலைல அக்ரி இன்டெக்ஸ்னு விவசாயக் கண்காட்சி நடக்குது, அதுல சின்ன ஸ்டால் எடுத்து மெஷின ஓட விட்டுட்டு நில்லுங்க. வீடியோவுக்கும் விளம்பரத்துக்கும் வெச்சிருந்த ஒன்றரை லட்சத்துல ஒரு பங்கு இதுக்குப் போதும், விவசாயி, குழுத் தலைவி, டீலர் எல்லாரும் ஒரே எடத்துல மெஷினத் தொட்டுப் பாப்பாங்க. டீலர் ஒருத்தர் அஞ்சு மெஷினுக்கு முழுக்காசு கட்டுனார்னா அது 50 லைக்க விட பெருசு.

30 மெஷினும் ஓடி, ஆறு மாசம் கம்ப்ளைண்ட் என்ன வருதுன்னு பாத்து, 20 கிலோ மாடல் வேணுமா இதுவே போதுமான்னு தெரிஞ்சப்பறம் டைக்கு காசு தேடலாம். அதுக்கு நம்ம மாநிலத்துலயே நல்ல வழி இருக்கு. புதுசா தொழில் தொடங்கற படிச்சவங்களுக்கான நீட்ஸ் திட்டம், 10 லட்சத்துக்கு மேல 5 கோடி வரைக்கும் ப்ராஜெக்ட், 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 75 லட்சம், வட்டில 3 சதவீதம் சலுகை. உங்க பங்கு பொதுப் பிரிவுன்னா 10 சதவீதம், சிறப்புப் பிரிவுன்னா 5, பொம்பளைங்க சிறப்புப் பிரிவுலதான் வருவாங்க, உங்க அம்மிணி டிகிரியோ டிப்ளமோவோ படிச்சிருந்தா அவங்க பேர்ல போடறதையும் யோசிங்க. திருப்பூர் மாவட்ட தொழில் மையத்துல கேட்டா விவரம் குடுப்பாங்க. இன்னொண்ணு தமிழ்நாடு அரசோட ஸ்டார்ட்டப் டிஎன் அமைப்பு நடத்தற டான்சீட் நிதி, தேர்வானா 10 லட்சம் வரைக்கும், கிராமப்புறத்துக்கான தொழில், பொம்பளைங்க நடத்தற ஸ்டார்ட்டப்புன்னா 15 லட்சம் வரைக்கும் குடுக்கறாங்க, பதிலுக்கு 3 சதவீத ஷேர் எடுத்துக்குவாங்க. 180 பேருக்கு குடுக்கறதா இருந்த ஷேர ஒரே எடத்துல 3 சதவீதம் குடுத்து முடிச்சுக்கலாம். அவங்க வட்டார மையம் ஈரோட்லயே இருக்கு, உங்களுக்கு பஸ்ல ஒரு மணி நேரம். இந்த ரெண்டுக்கும் போறப்ப 30 மெஷினோட பில்லும் வாங்குனவங்க ஃபோன் நம்பரும் கையில இருந்தா பேச்சே வேற மாதிரி இருக்கும்.

நகை விஷயம். 18 லட்சத்துக்கு நகைய வெக்கறதா இருந்தா கண்டிப்பா வேண்டாம்னு சொல்லிருப்பேன். 3,60,000ல முன்பதிவு அட்வான்ஸா ஒரு 90,000 வந்துரும், பட்டறைல பாதிய முப்பது நாள் கடன் சொல்லலாம், அப்ப உண்மையா தேவைப்படறது ஒன்றரை லட்சத்துல இருந்து ரெண்டு லட்சம். அந்த அளவுக்கு பேங்க்ல நகைக் கடன் எடுக்கறதுல தப்பில்லீங்க, மெஷின் வித்த காசு வர வர மூணு நாலு மாசத்துல திருப்பிரலாம். ஆனா சம்சாரம் தானா முன் வந்திருக்காங்கங்கறதால அப்படியே வாங்கிக்காதீங்க, மேல இருக்கற கணக்க அவங்ககிட்டயும் காட்டி, எத்தனை பவுன், எந்த மாசம் திருப்பறோம்னு ரெண்டு பேரும் உக்காந்து எழுதி வெச்சுட்டு செய்யுங்க. கம்பெனில அவங்களையும் டைரக்டரா போடுங்க.

கம்பெனி ரிஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி ஷீட் மெட்டல், காஸ்டிங், மோட்டார் மூணுக்கும் தனித்தனியா ரெண்டு ரெண்டு கொட்டேஷன் வாங்கி, டெமோல எத்தனை பேர் 3,000 கட்டுனாங்கங்கற கணக்கோட அனுப்பி வைங்க. விலைய 16,500ல நிறுத்தலாமா, மேல போகணுமாங்கறத அந்தப் பேப்பரப் பாத்துட்டு சொல்றேன்.